நீர்க்கசிவுச் சோதனை, ஏழாம் நாள்

பலகையில் சாக்பீஸால் எழுதுவது என் வேலை இல்லை,
ஆனாலும் நான்தான் எழுதுகிறேன்.
பணி முன்னேற்றம்: 62.
போன மாதமும் 62.
அதற்கு முந்தைய நான்கு மாதம் 31.
அது பாறை.

கிருஷ்ணகிரியில் இரண்டடி தோண்டினால் போதும்,
மலை கீழேயும் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.
வெடி வைத்தோம்.
பக்கத்துத் தோப்புக்காரர் சட்டைப்பை நிறைய
உதிர்ந்த மாம்பூவோடு வந்து
என் மேசைமேல் கொட்டினார்.
"இதையும் எண்ணி எழுதிக்குங்க."
எண்ணவில்லை. தும்மினேன்.
அப்புறம் வெடியை நிறுத்தி
பல் பிடுங்குவதுபோல் பிடுங்கினோம், கல் கல்லாக.

தொட்டி எழுந்தது. விட்டம் பதினெட்டு மீட்டர்.
ஊர்க்கழிவு வந்து தெளிய வேண்டிய தொட்டி
முதலில் நல்ல தண்ணீரைக் குடித்தாக வேண்டும்,
கசிகிறதா என்று பார்க்க வேறு வழியில்லை.
மே மாதம்.
கைவிட்ட கல்குவாரியிலிருந்து எண்பத்தைந்து லாரித் தண்ணீர்.
எண்பத்தைந்தும் கெம்பம்மாவின் தெரு வழியாகத்தான் போயின.
மூடி சரியில்லாத லாரிகள்.
தெரு நீளத்துக்கு ஈரக்கோடு,
அதைக் கொத்திக்கொண்டே கோழிகள்.

கெம்பம்மா
"நாத்தம் வேண்டாம்" அட்டையைப் பிடித்துக்கொண்டு
கலெக்டர் ஆபீஸ் வாசலில் பத்தொன்பது நாள் உட்கார்ந்தவர்.
அட்டையில் என் பெயரும் இருந்தது, எழுத்துப்பிழையோடு.

விதி இதுதான்:
ஏழு நாளில் நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது.
வெயில் எவ்வளவு குடிக்கிறது என்றறிய
பக்கத்தில் ஒரு தகரத் தட்டிலும் தண்ணீர் வைத்தோம்.
தட்டில் இறங்கியது முப்பத்தொன்று.
தொட்டியில் நாற்பத்து மூன்று.

சுவரை விரலால் தடவியபடி சுற்றி வந்தேன்.
ஈரமில்லை, உப்புப் பூக்கவில்லை.
மூட்டுகளில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன்.
படிக்கட்டில் மட்டும்
சின்னச் சின்ன ஈரக் குதிகால்கள்.

"குரங்கு குடிச்சிருக்கும் மேடம்" என்றான் வாட்ச்மேன் மாதப்பன்.
பன்னிரண்டு மில்லிமீட்டர் குடிக்கிற குரங்கு.
அவன் சட்டை
நான் இங்கே வந்ததிலிருந்து முதல்முறையாக
துவைத்திருந்தது.

அளவுப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்.
ஒரு மில்லிமீட்டர் என்பது பதினேழு குடம்.
பன்னிரண்டுக்கு இருநூற்று நான்கு.
இந்த அலகை எனக்குக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை.

பதிவேட்டில் எதுவும் எழுதாமல்
அன்றிரவு சிமெண்ட் கொட்டகையில் விளக்கணைத்து உட்கார்ந்தேன்.
பதினொன்றரைக்கு வந்தார்கள். ஆறு பேர்.
தாம்புக்கயிறு, பிளாஸ்டிக் குடம்.
நாலு மீட்டர் ஆழம், பிடிமானமில்லாத படி,
மேலே ஒரு முழ அகல விளிம்பு.
டார்ச் அடித்தால் பதறி விழுந்துவிடுவார்கள்.
அடிக்கவில்லை.
ஆறாவது குடம் தரையைத் தொட்ட பிறகுதான்
எனக்கு இருமல் வந்தது.

மற்றவர்கள் ஓடினார்கள். கெம்பம்மா ஓடவில்லை.
"குடிக்க இல்ல, புழங்கத்தான்" என்றார்.
பிறகு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு:
"இதுல நாளைக்கி என்ன விடப்போறீங்கன்னு எனக்குத் தெரியும்.
இன்னிக்கி இன்னும் விடலையே."

காலையில் காண்ட்ராக்டர் ஆள் திம்மராயன் பேனாவை நீட்டினார்.
"முப்பத்தொம்பதுன்னு போடுங்க மேடம், பில்லு நிக்குது."
எழுதினேன்:
43. தேறவில்லை.
குறைந்த அளவை நிரப்பி, மேலும் ஏழு நாள் சோதனை.
குறிப்பு: படிக்கட்டுக்கும் விளிம்புக்கும் கைப்பிடி,
இன்று மாலைக்குள்.

படித்துவிட்டு நிமிர்ந்தார்.
"கைப்பிடி எதுக்குங்க, குரங்குக்கா?"

ஆமாம் என்றேன்.
இடதுபக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்,
குடம் இடிக்கும்.